வண்டி போகும் திசையில் இரண்டு இருக்கை

ஜனவரி 9

அன்புள்ள பல் டாக்டர் தம்பிக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் வெண்கலத் தொண்டையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனில் பேசினால் எங்கள் வீட்டில் அடுப்படி வரைக்கும் கேட்கிறது. இது அடுப்படிக்குக் கேட்கக்கூடாத விஷயம். பதிலை என் கம்பெனி விலாசத்துக்கே போடு.

உன் மனைவியும் என் மனைவியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. கூடப்பிறந்த அக்காவும் தங்கையும். காரணம் உனக்குத் தெரியும். எனக்கு அது தினமும் வலிக்கும் காரணம். நான் லிஃப்ட் குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடந்த அதே வாரம்தான் உன் மனைவிக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அக்கா ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் அல்லாடுகிறாள், அவளிடம் சொல்லவேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தீர்கள். நல்ல எண்ணம்தான். மூன்று மாதம் கழித்து யாரோ தூரத்துச் சொந்தம் இவளிடம், "தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டபோது இவள் திருதிருவென்று விழித்தாள். "ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. அப்ப நான் யாரு அவளுக்கு?" என்று அன்று கேட்டவள், இன்றுவரை அதையேதான் கேட்கிறாள். "உனக்காகத்தானே மறைச்சேன்" என்று உன் மனைவி சொன்னதும் போனை வைத்தாள். வைத்தது வைத்ததுதான்.

மாட்டிக்கொண்ட லிஃப்ட் கதவைத் திறப்பது என் தொழில். இந்தக் கதவை மட்டும் விட்டுவைத்திருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகவே ஒரு யோசனை. இத்தனை வருஷமாக மேலே போய்க் கீழே வருகிறேன். ஒரு தடவையாவது பக்கவாட்டில் போக ஆசை. ரயிலில், பழைய நகரங்களாகப் பார்த்து, ஐந்து நாள். நான் என் மனைவியோடு இங்கே ஏறுகிறேன். நீ உன் மனைவியோடு உங்கள் ஊரில் ஏறு. இரண்டு பேருக்கும் ஒன்றும் சொல்லாதே. ஓடுகிற வண்டியில் இருந்து கோபித்துக்கொண்டு இறங்கவா முடியும்?

யோசித்து எழுது.

உன் மூத்த சகலை

*

ஜனவரி 21

அன்புள்ள சகலை அண்ணாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம். பல்லாக இருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

யோசிக்க என்ன இருக்கிறது! கடிதத்தைப் படித்துவிட்டு எக்ஸ்ரே அறையில் தனியாக நின்று கைதட்டினேன். இவள் அக்கா பேரைச் சொல்வதில்லை. ஆனால் இவள் நடத்தும் ஸ்டூடியோவில் அக்காவும் தங்கையுமாக யாராவது போட்டோ எடுக்க வந்தால் அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே நிசப்தம். எனக்கு நிசப்தம் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

இரவோடு இரவாகத் திட்டம் போட்டுவிட்டேன். கடிதம் யார் கையில் சிக்கினாலும் புரியக்கூடாது, அதனால் ஊர்ப் பெயர் எழுதாமல் அடையாளம் மட்டும். கோட்டை ஊர், மணிக்கூண்டு ஊர், பழைய துறைமுகம், சுரங்க வழி உள்ள ஊர், ஏழு வாசல் ஊர், கண்ணாடி மாளிகை, கடைசியாக அந்த ஆயிரம் படி ஊர். மொத்தம் ஏழு. எப்படி?

ரகசியத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது.

உங்கள் அன்புத் தம்பி, பல் டாக்டர்

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலம். நலம்தானே?

ஐந்து நாளில் ஏழு ஊர். இதற்குப் பெயர் சுற்றுலா இல்லை, தேர்தல் பிரசாரம். ஒவ்வொரு ஊரிலும் இறங்கிக் கையசைத்துவிட்டு ஏறத்தான் நேரம் இருக்கும். மூன்று ஊர் போதும்: கோட்டை, மணிக்கூண்டு, துறைமுகம். ஆயிரம் படி ஊரை எழுதும்போது என் காலை நீ ஒரு கணமாவது நினைத்திருக்கலாம்.

கோட்டை திங்கட்கிழமை பூட்டு. ஆகவே அதை முதலில் வைத்திருக்கிறேன். மணிக்கூண்டு ஊரில் ஸ்டேஷனிலேயே பெட்டிகளை ஒப்படைக்கும் அறை இருக்கிறது. கையை வீசிக்கொண்டு பழைய தெருக்களைச் சுற்றலாம். துறைமுகத்தில் தங்கும் இடம் கடலைப் பார்த்து இருக்கவேண்டும் என்பதில்லை, ஸ்டேஷனைப் பார்த்து இருந்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். நான் போடப்போவது நாலு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் இருக்கை. என் மனைவிக்கு வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தலைசுற்றி வாந்தி வரும். உன் மனைவிக்கும் அதே கதைதானே? அவர்கள் அப்பாவுக்கும் அப்படித்தானாம். பரம்பரைச் சொத்து. ஆகவே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. எதிரில் நீயும் நானும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

சகலை

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். பக்கத்து இருக்கை யோசனைக்காக உங்கள் காலைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது, நல்ல காலை.

தங்கும் இடங்களை நான் விசாரித்துவிட்டேன். எப்படி என்று கேட்கிறீர்களா? என் நாற்காலியில் வந்து சாய்கிறவர்களில் பாதிப் பேர் ஊர் சுற்றுகிறவர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சை வைத்து, உறிஞ்சு குழாயையும் மாட்டிவிட்டுச் சாவகாசமாகக் கேட்கிறேன்: "கோட்டை ஊர்ல மாடி ரூம் நல்லதா, கீழ் ரூம் நல்லதா?" விரலைக் காட்டுகிறார்கள். அண்ணியின் தலைசுற்றல், அக்கா தங்கை சண்டை, எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். எதிர்ப்பேச்சு கிடையாது. வாய் திறந்து கிடக்கிறவன் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறான்? இதைவிடப் பத்திரமான காது எங்கே கிடைக்கும்?

இவள் திடீரென்று நடப்பதற்குத் தோதான செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறாள். "பழசு அறுந்துடுச்சு" என்றாள். பழசு நன்றாகத்தான் இருக்கிறது. ஜூன் ஆரம்பத்தில் இவளுக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள். செருப்பு நல்ல பழுப்பு நிறம், எனக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்ததில் இருந்து அந்த நலம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

பஞ்சை எடுத்த பிறகு அந்த வாய் மூடும். வீட்டுக்குப் போனதும் திரும்பத் திறக்கும். அதை யோசித்தாயா? தயவுசெய்து இனி பல்லை மட்டும் பார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது, ஜூன் பதினெட்டு. கவுண்டரில் ஒரு தகவல் கிடைத்தது: கோட்டைக்குப் போகிற வழியில் மணிக்கூண்டு ஊரில் வண்டி திசை மாறுகிறதாம். எஞ்சினைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோய் மாட்டுவார்கள், முன்பக்கம் பின்பக்கம் ஆகிவிடும். அங்கே நாம் எழுந்து அவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுக்கவேண்டும். மறந்துவிடாதே, மறந்தால் நம் மடியில்தான் வாந்தி.

டெஸ்ட் என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே செருப்புக்குத் தாவிவிட்டாய். என்ன டெஸ்ட் அது?

சகலை

*

ஏப்ரல் 20

தம்பி,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகப் பதில் இல்லை. நானும் நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

என் மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு நேற்று ஒருவர் வந்திருக்கிறார். துணி வியாபாரி, வேலையாக உங்கள் ஊர் வந்துபோகிறவர். ஒரு கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்ததாம். நீட்டிய சீட்டில் உன் கையெழுத்து. இவள் அதைப் பார்த்து, "இவரு எங்க சொந்தக்காரர்தான்" என்று சொன்னதுதான் தாமதம். "அட, அந்த அக்கா நீங்கதானா! தங்கச்சிகூடப் பேசாம இருக்கீங்களாமே. கவலைப்படாதீங்கம்மா, ஜூன்ல ரயில்ல உக்கார வச்சு சேத்துடுவாங்க. துறைமுகத்துல மட்டும் மீன் சந்தைப் பக்கம் ரூம் எடுக்க வேணாம்னு சொல்லுங்க, ஒரே நாத்தம்."

கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மறுபடியும் வெளியாள் வாயால. என்னைச் சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் எனக்கு நல்லது பண்றதை ஏன் எனக்குத் தெரியாமயே பண்றீங்க? நான் என்ன, சொன்னா உடைஞ்சுபோற கண்ணாடியா?"

எந்தக் காயத்தை ஆற்றப் போனோமோ அதே இடத்தில் திரும்பக் கீறிவிட்டோம். நாளைக்கு டிக்கெட்டை ரத்து செய்கிறேன்.

*

ஏப்ரல் 27

அண்ணா,

செருப்பால் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்த வியாபாரிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். அவர் பதிலுக்கு என் மானத்தைப் பிடுங்கிவிட்டார். தப்பு அவர்மேல் இல்லை. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். இப்போது முகக்கவசத்துக்குள் வாயை இறுக்கிக்கொண்டு வேலை செய்கிறேன். "டாக்டருக்கே பல்வலியா?" என்று நர்ஸ் கேட்கிறாள்.

ஒரே வேண்டுகோள். டிக்கெட்டை உடனே ரத்து செய்யாதீர்கள். டெஸ்ட் என்னவென்று கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அதனால்தான் ஒரு மாதம் பதில் போடவில்லை. அதை நான் சொல்லக்கூடாது, இவள்தான் சொல்லவேண்டும். இத்தனைக்குப் பிறகு இதையாவது கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி

*

மே 11

சின்னு,

எழுத உட்கார்ந்தால் கை தானாக 'நலம், நலமறிய ஆவல்' என்று போகிறது. நலம் என்பது பாதிப் பொய். நலமறிய ஆவல் என்பது முழு உண்மை. இரண்டு வருஷமாக உண்மை.

நம் வீட்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து நம்மை ஒரே ரயில் பெட்டியில் அடைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கன்னம் வீங்கிய ஒரு துணி வியாபாரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வந்த கோபத்துக்கு மூன்று வாரம் உன் அத்தானுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அந்த மனுஷன் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடக்கிறார், அதுவும் அந்தக் காலை வைத்துக்கொண்டு.

நேற்று மருந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. போன தடவை எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இந்தத் தடவை எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. யோசிக்க யோசிக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடைப் பையன்கள் பயந்துபோனார்கள்.

ஒன்று மட்டும் சொல். உனக்கு உண்மையிலேயே தெரியாதுதானே?

அக்கா

*

மே 17

அக்கா,

உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் கடையை அரை நாள் சாத்திவிட்டேன். நன்றாக அழுதேன். இப்போது நலம்.

தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதினால் உன் கட்சியில் சேர்ந்துவிடலாம். சேர அவ்வளவு ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும், அக்கா. பிப்ரவரியில் இருந்தே தெரியும். கிளினிக் மாடியில், என் ஸ்டூடியோ அதற்கு நேர் கீழே. பல் வைத்தியம் முடிந்து வாய் ஒரு பக்கம் கோணிப்போய் இறங்கி வந்த ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தார். "சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்றேன். அவர் குழறிக் குழறி, "மேடம், கோட்டை ஊர்ல மாடி ரூம் எடுக்காதீங்க, படி செங்குத்து" என்றார். அதற்குப் பிறகு எத்தனை பேர்! எனக்கு யோசனை சொல்லாமல் இறங்கிப்போன பல்லே கிடையாது.

தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் இவர் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு செருப்பு மட்டும் வாங்கினேன். திரும்பவும் மறைத்துவிட்டேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

கோபித்துக்கொண்டாலும் அடுத்ததையும் படி. இதை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன், இவரைத் தவிர யாருக்கும் தெரியாது. போன சோதனையில் பழைய தழும்புக்குப் பக்கத்தில் ஒரு இடம் சரியில்லை, திரும்பப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஜூன் நாலாம் தேதி சோதனை, அந்த வாரமே முடிவு தெரியும். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். பயமாக இருக்கிறது அக்கா. போன தடவையும் பயமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லாததால் பயம் குறையவில்லை, அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

சின்னு

*

மே 23

சின்னு,

கோபம் வந்தது. முதல் பக்கத்தைப் படித்த கோபத்தில் இருமல் மருந்து கேட்டவருக்கு முடி எண்ணெயை எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தேன்.

மூன்றாம் தேதி அங்கே இருப்பேன். பெரிய கட்டிலில் நீயும் நானும். மாப்பிள்ளை கிளினிக் நாற்காலியில் படுத்துக்கொள்ளட்டும், அதுதான் நன்றாகச் சாய்கிறதே.

உன் அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். மறைத்துச் செய்கிற பழக்கம் என்னோடு நிற்கட்டும். ஆனால் பெட்டியைக் கையில் எடுத்த பிறகு, வாசலில் நின்று சொல்வேன். கொஞ்சமாவது திகைக்க வேண்டாமா?

அக்கா

*

ஜூன் 2

தம்பி,

என் மனைவி பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு, "தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நாலாம் தேதி அவளுக்கு டெஸ்ட். உங்களுக்குத் தெரியாதுல்ல? எனக்குத் தெரியும்" என்றாள். கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மெடல் வாங்கினவள் மாதிரி இருந்தாள். அடுத்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷன் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் வந்திருப்பாள். உன் மனைவிக்கு என் சார்பிலும் தைரியம் சொல். முடிவு தெரிந்ததும் உடனே போன் செய், அடுப்படிக்குக் கேட்டாலும் பரவாயில்லை. அங்கே இப்போது யாரும் இல்லை.

டிக்கெட் ரத்தாகவில்லை. மூன்று தடவை கவுண்டர் வரை போனேன். வரிசை நீளமாக இருக்கிறது என்று திரும்பிவிட்டேன். வரிசையில் இரண்டே பேர்தான்.

சகலை

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

முடிவை போனில் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்களும் அழுது நானும் அழுது, நடந்ததைச் சொல்ல விட்டுப்போயிற்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மூன்றாம் தேதி நான் மாடியில் ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு டாக்சிச் சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணி பெட்டியோடு ஸ்டூடியோ வாசலில். இவள் உள்ளே யாரையோ, "சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி வாசலில் நின்றபடியே, "எனக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். போட்டோவுக்கு உட்கார்ந்திருந்த மனுஷர் எழுந்து அவராகவே வெளியே போய்விட்டார். மேலே என் நோயாளி வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தார், பாவம்.

முடிவு தெரியும் நாளன்று மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் வந்து, "யாரு உள்ள வர்றீங்க?" என்று கேட்டார். நான் எழுந்தேன். இவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, "அக்கா வருவா. முதல்ல அவகிட்ட சொல்லுங்க. அவ வந்து எனக்குச் சொல்லட்டும்" என்றாள்.

அண்ணி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. இவள் என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் விரல் வலிக்கிறது. கதவு திறந்தது. அண்ணி நேரே வந்து கைப்பையால் இவள் தோளில் ஒரு அடி வைத்தார். "ஒண்ணும் இல்லடி. வெறும் தழும்பு. அடுத்த வருஷம் வரச் சொல்றாங்க. நானும் வருவேன்." பிறகு இரண்டு பேரும் அந்த நடையிலேயே உட்கார்ந்து அழுதார்கள், சிரித்தார்கள், யார் செருப்பு நல்லது என்று சண்டையும் போட்டார்கள். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

அண்ணி இனி பதினெட்டாம் தேதி இங்கேயே எங்களோடு ஏறுவாராம். திட்டத்தில் திருத்தங்களும் உண்டு: மீன் சந்தைப் பக்கம் தங்கக்கூடாது, மாடி அறை கூடாது, ஆயிரம் படி ஊரைச் சேர்க்கவேண்டும், நீங்கள் கீழே உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துக்கொள்வீர்களாம். வண்டி திசை மாறும் இடத்தில் நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பப்படுவோம்.

ஆகவே எங்கள் ஊர் வரை நீங்கள் தனியாகத்தான் வரவேண்டும், உங்கள் எதிரே இரண்டு இருக்கையும் காலியாக வரும். ஜன்னலோரம் நன்றாக இருக்கிறதே என்று யாராவது உட்காரப் பார்ப்பார்கள். விட்டுவிடாதீர்கள் அண்ணா. ஆள் வருகிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் தம்பி